தோற்றுவரும் எதிரியை மதிப்பது எங்ஙனம்?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கல்லூரிகளுக்கிடையே நடைபெறும் கூடைப்பந்து ஆட்டங்களைப் பற்றி ஆங்கிலப் பத்திரிகைகளில் ஒருவகைக் கட்டுரை இடையறாது வெளிவந்துகொண்டிருப்பதை அன்பர்களிற் சிலர் கண்டிருக்கக் கூடும். ஆட்டத்திற்கு ஓரிரு நாள் முன்னர், இன்ன கல்லூரியும் இன்ன கல்லூரியும் மோதவிருக்கின்றன, இன்னாருடைய வலிமை இத்தகையது, முடிவு இவ்வாறு இருக்கும் என்று வருமுன் உரைப்பதே அக்கட்டுரை. இரு குழுவும் ஒத்த வலிமையுடையனவாயின் எழுதுவோருக்குத் தொல்லையில்லை. ஒன்று நாட்டின் முதல் வரிசையில் நிற்க, மற்றொன்று பத்து ஆட்டங்களில் எட்டைத் தோற்று நலிந்து கிடக்கும்பொழுதுதான் அவர்களுடைய எழுதுகோல் தடுமாறுகிறது. உள்ளதை உரைத்தால் இகழ்ச்சியாகத் தோன்றும், மறைத்தால் பொய்யாகும். பெரிய குழுவின் பயிற்சியாளரோ, கேட்கும் ஒவ்வொரு முறையும், எதிரிகள் மிகச் சிறந்த குழுவினர் என்றும், அவர்களைத் தாம் பெரிதும் மதிப்பதாகவும் ஒரே பாடத்தை ஒப்புவிக்கிறார்.

இம்மதிப்பு மெய்யானதா? மெய்யாயின் எதனை முன்னிட்டு எழுந்தது? கூடைப்பந்து, நம் நாட்டுச் சீனப் பள்ளிகளின் திடல்களில் மாலைதோறும் நாம் காணும் ஆட்டமே. ஆதலின் அதன் முறைகளை ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை. தம்மினும் மெலியாரைச் சந்திக்கப் போகும் வலியார், சந்திப்பதற்கு முன்னரே தம் உள்ளத்தில் அவரை எவ்விடத்தில் வைத்தல் வேண்டும் என்னும் அறக்கேள்வியையே நாம் ஆராயப் புகுந்தோம்.

2019ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், கென்டக்கிப் பல்கலைக்கழகத்தின் குழு, லெக்சிங்டன் நகரிலுள்ள தன் சொந்த அரங்கில் எவான்ஸ்வில் பல்கலைக்கழகக் குழுவைச் சந்தித்தது. ஒரு வாரத்திற்கு முன்னர்தான் கென்டக்கி, அப்பொழுது முதலிடத்திலிருந்த மிச்சிகன் ஸ்டேட் குழுவை வென்று, தானே நாட்டின் முதலிடத்தைப் பற்றியிருந்தது. எவான்ஸ்வில்லோ, இந்தியானா மாநிலத்துச் சிறிய தனியார் பல்கலைக்கழகம். முந்திய பருவத்தில் 11 ஆட்டங்களை வென்று 21 ஆட்டங்களைத் தோற்றது. பந்தயம் கட்டுவோர், கென்டக்கி ஏறத்தாழ 25 புள்ளி வேறுபாட்டில் வெல்லும் என்று கணித்தனர். ஆட்டம் முடிந்தபொழுது எவான்ஸ்வில் 67, கென்டக்கி 64.

மறுநாள் எழுதியோர் எல்லோரும் ஒரே படிப்பினையைக் கூறினர். எதிரி மெலியன் என்று அசட்டையாக இராதே, எந்நேரமும் அவன் உன்னை வீழ்த்தக் கூடும், ஆதலால் அவனை மதி என்பதே அது. கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதனை அறம் என்று கொள்ள நம் மனம் இசையவில்லை.

ஏனெனில் அப்பருவத்தின் எஞ்சிய கதையையும் நாம் படிக்க வேண்டும். கென்டக்கியை வீழ்த்திய அதே எவான்ஸ்வில், பின்னர்த் தன் வட்டாரக் கூட்டமைப்பில் ஆடிய 18 ஆட்டங்களிலும் தோற்றது. பருவ முடிவில் அதன் கணக்கு 9 வெற்றி, 23 தோல்வி. கென்டக்கியின் கணக்கு 25 வெற்றி, 6 தோல்வி. ஆகவே, முன்கணிப்பு எழுதினோர் ஓர் இரவில் தவறினரேயன்றி ஓர் ஆண்டில் தவறினாரல்லர். எதிரி நம்மை வீழ்த்தக் கூடும் என்பதற்காகவே அவனை மதிப்போமாயின், அவன் வீழ்த்த மாட்டான் என்று தெளிந்த மறுகணமே அம்மதிப்பை மீட்டுக்கொள்ளலாம் அன்றோ? சனவரியில் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றுக்கொண்டிருந்த அப்பிள்ளைகளுக்கு, நவம்பரில் கிடைத்த மதிப்பு ஏன் கிடைக்கக் கூடாது? அவர்கள் அதே பிள்ளைகள்தாமே.

வள்ளுவர் பெருமான் வலியறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்து, செய்யப் புகும் செயலின் வலிமையையும், தன்னுடைய வலிமையையும், பகைவனுடைய வலிமையையும், இருசார்த் துணைவரின் வலிமையையும் எடைபோடுமாறு அரசனுக்கு அறிவுறுத்தினார். அவ்வதிகாரம் பொருட்பாலில் இருக்கிறது என்பதை அன்பர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். எதிரியைக் குறைத்து மதிப்பிடாதே என்பது அரசியல் விவேகம். அதற்குரிய இடத்தில் அது சிறந்ததே. நம் பயிற்சியாளரோ பொருட்பாலை உள்ளத்தில் வைத்துக்கொண்டு அறத்துப்பாலை வாயாற் பேசுகிறார். அச்சத்தை மதிப்பு என்னும் பெயரால் அழைக்கிறார்.

அச்சத்திற்குச் சிறிதும் இடமில்லாத எதிரி ஒருவனை எடுத்துக்கொண்டால் இவ்வேறுபாடு தெளிவாகும். கலிபோர்னியா மாநிலத்தின் பாசடீனா நகரில் கால்டெக் என்று சுருக்கமாக வழங்கும் அறிவியற் கல்விக்கூடம் ஒன்றுண்டு. நோபல் பரிசு பெற்ற அறிஞர் பலரோடு தொடர்புடையது. உலகம் முழுதும் புகழ் பெற்றது. அதன் கூடைப்பந்துக் குழுவும் ஒரு வகையில் புகழ் பெற்றதே. 1985ஆம் ஆண்டு முதல் தன் கூட்டமைப்பு ஆட்டங்களில் தொடர்ச்சியாக 310 முறை தோற்றது. 2011ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள், ஆக்சிடென்டல் கல்லூரியை 46க்கு 45 என்று ஒரே ஒரு புள்ளியில் வென்றபொழுதுதான் அத்தொடர் அறுபட்டது.

அந்த வெற்றியைப் பாராட்டி எழுதியோர் பலர். நாம் அதற்கு முந்திய 310 ஆட்டங்களையே எண்ணிப் பார்க்கிறோம். அவற்றுள் ஒவ்வொன்றிற்கும் முன்னர், வென்று பழகிய ஒரு குழு, இவர்களை என்ன நினைத்துக்கொண்டு களத்துக்கு வந்திருக்கும்? இருநூறாவது தோல்விக்குப் பின்னும், இவர்கள் நம்மை வீழ்த்தக் கூடும் என்று ஒருவன் அஞ்சினானாயின் அவனைப் பேதை என்றே சொல்ல வேண்டும். ஆகவே மதிப்பு அச்சத்திலிருந்து பிறப்பதாயின், அந்த 310 ஆட்டங்களிலும் கால்டெக் மாணவருக்கு உரிய மதிப்பு ஏதுமில்லை என்று முடியும். இம்முடிவை ஏற்க எவர்க்கேனும் மனம் வருமோ? நமக்கு வரவில்லை. எனவே மதிப்பின் வேரை வேறோரிடத்தில் தேடியாக வேண்டும்.

நாம் காண்பது இது. வெற்றி என்பது தனியொருவன் செய்துகொள்ளக் கூடிய பொருளன்று. எதிரே ஒருவன் வந்து நின்று, தோல்வி தன் பங்குக்கு வரினும் வருக என்று இசைந்தாலன்றி வெற்றி என்னும் சொல்லுக்கே பொருளில்லை. ஆளில்லாத் திடலில் ஆயிரம் முறை பந்தைக் கூடையிலிட்டாலும் அதனை வெற்றி என்பாரில்லை. ஆட்டம் இரு சாராரும் கூடிச் செய்யும் ஒரு வேலை. அவ்வேலையில் இருவரும் செலுத்தும் முதலோ சமமானதன்று. வெல்வோம் என்று அறிந்து களமிறங்குவதற்குத் துணிவு வேண்டா. ஆய்வுக்கூடத்தில் பகலெல்லாம் உழைத்து, மாலையில் பயிற்சி செய்து, தோற்கும் வாய்ப்பே மிகுதி என்பதை அட்டவணையில் கண்ணாரக் கண்டபின்னும், ஆயிரம் கண்கள் பார்க்கும் இடத்தில் வந்து நிற்பவனே மிகுந்த முதலைச் செலுத்துகிறான். வெல்பவன் அவனுக்குக் கடன்பட்டிருக்கிறான்.

முயற்சியின்றிச் சோம்பித் தோற்பவனுக்கும் இக்கடன் உண்டோ என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. களத்தில் கால் நகர்த்தாமல் நின்று, தோல்வியைத் தூக்கத்தோடு ஏற்பவன் தன் மதிப்பைத் தானே இழக்கிறான் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அது களத்திற்குச் சென்று கண்ணாற் கண்டு சொல்ல வேண்டிய தீர்ப்பு. முந்தியநாள் பத்திரிகையில், வெற்றி தோல்விக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு அதனைச் சொல்ல இயலாது.

மேலும் அந்தக் கணக்குத்தான் யாருடையது? கல்லூரி மாணவன் ஒருவன் குழுவில் இருப்பது பெரும்பாலும் நான்கு ஆண்டு. 1985இல் முதல் தோல்வியில் ஆடிய இளைஞன், 2011இல் தொடர் அறுபட்டபொழுது நாற்பத்தைந்து வயதை எட்டியிருப்பான். இடையில் ஆறேழு தலைமுறை மாணவர் வந்து சென்றுவிட்டனர். எனினும் புதிதாகச் சேர்ந்த பதினெட்டு வயதுப் பையனின் முதுகில், அவன் பிறப்பதற்கு முன் நேர்ந்த தோல்விகளையும் சேர்த்துக் கட்டித்தான் முன்கணிப்பு எழுதினர். நம்மவருள்ளும் ஒரு சிறுவனைக் கண்டவுடன், தகப்பனுக்கு என்ன வேலை, பாட்டன் எந்தத் தோட்டம் என்று வினவி, அவன் படிப்பு எதுவரை செல்லும் என்று அங்கேயே எல்லை வகுத்துவிடும் பெரியோர் உளர். அவர்களுக்கும் அந்த அமெரிக்க எழுத்தாளருக்கும் நம்மால் வேறுபாடு காண முடியவில்லை.

இவ்வகை ஆட்டங்களில் பணத்தைப் பற்றியும் ஒரு வழக்கமுண்டு. பெரிய பல்கலைக்கழகம், தன் அரங்கில் தன் மக்கள் முன் எளிய வெற்றியொன்றை நாடி, சிறிய கல்லூரிக்குப் பணம் கொடுத்து வரவழைக்கிறது. எவான்ஸ்வில் வந்து ஆடியதற்குக் கென்டக்கி அளித்த தொகை அமெரிக்க வெள்ளி 90,000 என்று அப்பொழுதே பத்திரிகைகள் எழுதின. காசு வாங்கிக்கொண்டு தோற்கப் போவது தன்மானத்தை விற்பதன்றோ என்று சுயமரியாதை பேசும் நம் அன்பர்கள் கேட்கக் கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. அத்தகைய பணத்தைக் கொண்டே சிறிய கல்லூரிகள் பல தங்கள் விளையாட்டுத் துறையை நடத்துகின்றன. அவர்கள் விற்றது நாற்பது நிமிட ஆட்டத்தை. தோல்வி அந்தச் சீட்டில் எழுதப்படவில்லை. தோல்வியையும் சேர்த்து வாங்கிவிட்டோம் என்று பணம் கொடுத்தவன் நினைத்தால் அது அவனுடைய மயக்கம். கூலி கொடுத்தவன் வாங்கியது உழைப்பையேயன்றி ஆளையன்று என்பதைத் தோட்டத்து மக்களாகிய நமக்கு எவரும் விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.

அவ்வாறாயின் முன்கணிப்பு எழுதுவோர் மெலியாரை மெலியார் என்று எழுதவே கூடாதோ? தாராளமாக எழுதலாம். எழுதாமல் மறைப்பதும், தோற்றுவரும் குழுவைச் சிறந்த குழு என்று வாயினிக்கக் கூறுவதும், அழும் குழந்தைக்குப் பொய்ச் சமாதானம் சொல்வது போன்றதே. வளர்ந்தவர்களை அவ்வாறு நடத்துவது இகழ்ச்சியின் ஒரு வடிவம். தோட்டத்தில் கிராணி வேலை பார்க்கும் நாம் நாள்தோறும் செக்ரோலைப் புரட்டுகிறவர். இன்னார் இத்தனை நாள் வேலைக்கு வந்தார், இத்தனை குலை வெட்டினார் என்பது அதில் இருக்கிறது. அதனைக் கூட்டியோ குறைத்தோ எழுதுவது குற்றம். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்பொழுது, சென்ற மாதக் கணக்கை நினைத்துக்கொண்டு ஒருவரை மட்டும் ஏளனக் குரலில் கூப்பிடுவது வேறொரு குற்றம். முந்தியதைத் தவிர்க்க வேண்டி எவரும் பிந்தியதைச் செய்ய வேண்டுவதில்லை.

கணக்கேட்டை மட்டும் நம்புவோர்க்கு ஒரு செய்தி. இவ்வாட்டத்தை 1891ஆம் ஆண்டு டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் படைத்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். பின்னர் அவரே கான்சஸ் பல்கலைக்கழகக் குழுவுக்கு 1898 முதல் 1907 வரை பயிற்சியாளராக இருந்தார். அவருடைய கணக்கு 55 வெற்றி, 60 தோல்வி. அப்பல்கலைக்கழகத்தின் ஆடவர் குழுவுக்கு அவருக்குப் பின் வந்த பயிற்சியாளருள் ஒருவர்க்கேனும் தோல்வி மிகுந்த கணக்கு இல்லை. அந்நாளில் யாரேனும் அவர் குழுவைப் பற்றி முன்கணிப்பு எழுதி, இவர்கள் தோற்பார்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்லியிருந்தால், பாதிக்குச் சற்று மேற்பட்ட நாட்களில் சரியாகவே சொல்லியிருப்பார்!

இனி எஞ்சுவது களத்தில் நடந்துகொள்ளும் முறை. மெலியாரை மதிப்பதென்றால் அவர்மேல் இரக்கங்கொண்டு கைதளர்ந்து ஆடவேண்டும் என்பர் சிலர். இதனை நாம் ஒப்புக்கொள்ளோம். ஆக்சிடென்டல் கல்லூரி மாணவர் இரக்கத்தால் விட்டுக்கொடுத்தனர் என்று ஓர் ஐயம் எழுந்திருந்தால், 2011இல் கால்டெக் பெற்ற அந்த ஒரு புள்ளி வெற்றி என்ன விலை பெறும்? இருபத்தாறு ஆண்டுக் காத்திருப்பும் பாழாகியிருக்கும்.

இதற்கு நேர்மாறான பிழையும் ஒன்றுண்டு. 2012ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள், ஐயோவா மாநிலத்துக் கிரின்னல் கல்லூரி, ஃபெய்த் பாப்டிஸ்ட் பைபிள் கல்லூரி என்னும் சிறு சமயக் கல்லூரியை 179க்கு 104 என்று வென்றது. கிரின்னலின் ஒரே ஆட்டக்காரர் 108 முறை கூடையை நோக்கி எறிந்து, 138 புள்ளிகள் எடுத்தார். நாடெங்கும் அவர் பெயர் பரவியது. தோற்ற குழுவின் ஓர் ஆட்டக்காரர் அதே இரவில் 70 புள்ளிகள் எடுத்தார். வேறு எந்நாளாயினும் அதுவே பெருஞ்செய்தியாகியிருக்கும். பந்தை விரைவாக எறிந்துகொண்டேயிருப்பது கிரின்னலின் வழக்கமான ஆட்டமுறை என்பதையும், விதி ஒன்றையும் அவர்கள் மீறவில்லை என்பதையும் நாம் அறிவோம். எனினும், ஒருவருடைய எண்ணிக்கை ஏறுவதற்காகவே குழு முழுதும் பந்தை அவரிடம் கொண்டு சேர்க்கும்பொழுது, எதிரே நிற்கும் ஐவர் எதிரிகளாக இருப்பதை விட்டு, ஒருவருடைய உயரத்தை அளப்பதற்கு நட்ட கம்பங்களாகிவிடுகின்றனர். 75 புள்ளி வேறுபாடு நம்மை வருத்தவில்லை. அவர்களோடு ஆடுவதை விட்டு, அவர்களைக் கொண்டு ஆடியதுதான் வருத்துகிறது.

முடிவு தெளிவாகிவிட்ட பின்னர்ப் பயிற்சியாளர்கள் தம் முதல் ஐவரை அமர்த்திவிட்டுப் பின்வரிசையினரைக் களத்துக்கு அனுப்பும் பழைய வழக்கமே நமக்கு உவப்பாக இருக்கிறது. பருவம் முழுதும் பலகையில் அமர்ந்து கைதட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அது அரிய வாய்ப்பு. அவர்கள் கைதளர மாட்டார்கள். எதிர்க்குழுவினரும் அவர்களோடு மோதிக் கடைசி ஊதல் வரை ஓடலாம். அப்பொழுதும் வேறுபாடு ஐம்பதாக வளர்ந்தால் என் செய்வது என்று நண்பர் ஒருவர் நம்மைக் கேட்டார். வளரட்டும் என்றோம்.