பழுதுபார்த்தலும் கைங்கரியமும்

ஸ்ரீரங்கத்தில் ஆனி மாதத்துக் கேட்டை நக்ஷத்திரத்தன்று ஜ்யேஷ்டாபிஷேகம் நடக்கும்பொழுது, காவேரியிலிருந்து யானைமேல் வரும் தீர்த்தத்தால் உற்சவரான நம்பெருமாளுக்குத் திருமஞ்சனமும், திருக்கவசங்களுக்குச் செப்பனிடுதலும், அதனையொட்டிச் சுதைத் திருமேனியரான மூலவர் பெரிய பெருமாளுக்குத் தைலக்காப்பும் நிகழ்வதைக் காண்கிறவன், பரிபூரண வஸ்துவுக்குப் பராமரிப்பு எதற்கு என்று கேட்டால் அது நாஸ்திகமாகாது. விக்கிரகமாக எழுந்தருளும் அர்ச்சாவதாரத்தில் பகவான் தன்னை அர்ச்சகனுக்கு அதீனமாக்கிக்கொண்டான் என்பது ஆசாரியர்கள் தரும் விடை. அப்படியானால் பழுதுபார்த்தல் ஆராதனைக்கு முன்னேற்பாடா, ஆராதனையேயா?

ஆராதனையே என்பது என் கட்சி; அதற்குச் சாட்சி ஒரு பட்டறையில் கிடைக்கிறது. திருச்சிப் பட்டறையொன்றில் காரின் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, டென்ஷனரின் உருளையை மெக்கானிக் விரலால் சுழற்றிக் காது கொடுக்கிறார். ஓசையின்றி ஓடினால் சரி, கரகரத்தாலோ பக்கவாட்டில் ஆடினாலோ பேரிங் போயிற்று. தானாக யாதொரு சக்தியையும் பிறப்பிக்காமல், ஸ்பிரிங்கின் பலத்தால் பெல்ட்டைத் தொய்யாமல் இறுக்கிப் பிடிப்பதொன்றே டென்ஷனரின் தொழில். ஆயினும் அது தளர்ந்தால் பெல்ட் வழுக்கிக் கிறீச்சிடும், ஆல்டர்னேட்டர் சோர்ந்து பாட்டரி இறங்கும், பல வண்டிகளில் தண்ணீர்ப் பம்பும் நின்று என்ஜின் கொதிக்கும். பிறர்க்கென்றே இருப்பதைச் சேஷம் என்கிற ஸ்ரீவைஷ்ணவ சித்தாந்தத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தட்டுப்படவில்லை. “பெல்ட்டை மட்டும் மாத்துங்க, போதும்” என்கிற வண்டிச் சொந்தக்காரர்களோ அநேகர். தேய்ந்த டென்ஷனர் புதுப் பெல்ட்டையும் சீக்கிரம் தின்றுவிடும். ஆயுத பூஜையன்று ஸ்பானர்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைக்கிறார்கள்; உழைத்துத் தேய்ந்து கழிவுப் பீப்பாயில் கிடக்கும் உருளைக்கும் ஒரு பொட்டு வைத்தால் சாஸ்திர விரோதமாகிவிடாது.