எண்ணெய் காட்டிய கறை

திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியில் வசிக்கும் அன்பர் ஒருவர், பணி ஓய்வுக்குப் பின் தம் கையாலேயே ஒலிபெருக்கிப் பெட்டிகள் இரண்டைச் செய்தார். பூர்வீக வீட்டை இடித்தபோது எஞ்சிய பலாப் பலகைகள் அவை. இசை வகுப்பு நடத்தும் நண்பருக்கு, “மரத்தின் அழகு தெரியும்படி நவராத்திரிக்குள் தருகிறேன்” என்று வாக்களித்திருந்தார்.

80-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 120, 180, 240 என்று மர இழையின் போக்கிலேயே தேய்த்தார். கைக்கு வழுவழுப்பாகவே இருந்தது. ஆளிவிதை எண்ணெயைத் தடவியதும் பலாவின் பொன்னிறம் ஆழ்ந்து மலர்ந்தது. கூடவே மூட்டுகளின் ஓரத்தில் வெளிறிய திட்டுக்களும் தோன்றின. கசிந்த பசையை ஈரத்திலேயே துடைக்காமல் விட்டிருந்தார். பசை ஊறிய மரம் எண்ணெயைக் குடிப்பதில்லை. எண்ணெய் குறையை உண்டாக்கவில்லை. இருந்ததைக் காட்டியது, அவ்வளவே.

“கறுப்பு வண்ணம் பூசிவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஒலியும் மாறாது. இதில் என்ன பொய்?” என்று நம்மிடம் கேட்டார்.

எளிதில் தள்ளிவிடக்கூடிய வினா அன்று. பெட்டியின் ஒலி, பலகையின் உறுதியையும் மூட்டுகளில் காற்றுக் கசியாமையையும் சார்ந்தது. மேற்பூச்சுக்கு அதில் பங்கு மிகக் குறைவு. அவ்வூர் நவராத்திரி மண்டபத்தின் கூரையில் ஒலிநயத்துக்காகக் கவிழ்த்துத் தொங்கவிட்ட மண்பானைகளுக்கு யார் மெருகேற்றினார்கள்? வண்ணம் பூசுவதும் பொய்யன்று; தேர்ச் சிற்பங்களுக்கும் வண்ணம் தீட்டுகிறோம். ஆனால் இங்கே வண்ணம் அழகு செய்ய வரவில்லை, மறைக்க வருகிறது. நண்பருக்கு நஷ்டம் ஏதுமில்லை என்பது மெய்யே. எனினும் அவர் நன்றி கூறும்போதெல்லாம், இழைத்து முடிக்காத ஒரு வேலைக்கான நன்றியை இவர் ஏற்க வேண்டியிருக்கும். கொடுப்பவருக்கு அது இலேசான சுமையா?

அன்பர் பலகைகளை மீண்டும் வெறும் மரமாகும்வரை தேய்த்தார். ஒலிபெருக்கி பொருத்தும் வட்டத் துளை வழியே கையை விட்டு உட்புறத்துக்கும் பூச்சிட்டார். ஆனியிலும் ஐப்பசியிலும் மழை பெய்யும் ஊரில், ஒரு முகம் மட்டும் பூச்சுப் பெற்ற பலகை மறுமுகத்தில் அதிக ஈரம் ஏற்று வளையக்கூடும். (இதைச் செய்து பார்க்க விரும்புவோர்க்கு ஓர் எச்சரிக்கை: இவ்வெண்ணெய் காற்றின் பிராணவாயுவோடு கூடி இறுகும்போது வெப்பம் பிறக்கிறது. தோய்ந்த துணியைச் சுருட்டி எறிந்தால் தானே தீப்பற்றலாம். விரித்தே உலர்த்த வேண்டும்.)

ஒரு திட்டு மட்டும் ஆழமாக ஊறிவிட்டதால் போகவில்லை. அதை நண்பரிடம் விரல் வைத்துக் காட்டியே கொடுத்தார். அதற்குள் விஜயதசமி கழிந்து மூன்று நாட்கள் ஆகியிருந்தன. அவ்வாண்டு நவராத்திரியில் வகுப்புக் குழந்தைகள் ஒலிபெருக்கியின்றியே பாடினார்கள்.