ஆணா, பெண்ணா?

சேவலைப் பார்த்ததும் தெரிந்துவிடும். கொண்டை இருக்கிறது, கூவுகிறது. கிளி சமாசாரம் அப்படியில்லை. பல வகைகளில் ஆணும் பெண்ணும் ஒரே அச்சு. அங்கேதான் மரபணுச் சோதனை கைகொடுக்கிறது. மனிதர்களில் பிள்ளை ஆணா பெண்ணா என்பது அப்பா உபயம். பறவைகளில் அம்மா உபயம். ஆணுக்கு இரண்டு இஸட் குரோமோசோம். பெண்ணுக்கு ஒரு இஸட், ஒரு டபிள்யூ. ஓர் இறகு போதும், டபிள்யூ இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

பிரேசிலில் ஸ்பிக்ஸ் மக்கா என்ற நீலக் கிளி, காட்டில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. உதிர்ந்த இறகை வைத்து ஆண் என்று கண்டுபிடித்து, 1995-ல் கூண்டிலிருந்த ஒரு பெண் கிளியைத் துணைக்கு விட்டார்கள். அது சில வாரங்களில் காணாமல் போனது. ஆணும் 2000-ல் மறைந்தது. போகட்டும், சோதனையின் நோக்கம் பெண் பார்ப்பது!

அடுத்து ஜெர்மனிக்கு வாருங்கள். முட்டைக்கோழி இனத்தில் ஆண் குஞ்சு தண்டச் செலவு. முட்டை போடாது, கறியும் பிடிக்காது. வருஷத்துக்குச் சுமார் 4.5 கோடிக் குஞ்சுகளைப் பொரித்த அன்றே கொன்றுகொண்டிருந்தார்கள். (நம் தெருக்களில் சாயம் பூசி விற்கிற கலர் குஞ்சுகளும் பெரும்பாலும் இந்த ரகம்தான்.) 2022 ஜனவரியிலிருந்து அதற்குத் தடை. இப்போது முட்டைக்குள்ளிருந்தே துளி திரவம் எடுத்து மரபணு பார்க்கும் முறை வந்திருக்கிறது. ஆண் என்றால் அந்த முட்டை பொரிக்காது, தீவனமாகிவிடும். அடைவைத்த 13-ம் நாளிலிருந்து முட்டையையும் அழிக்கக் கூடாது என்பது 2024 முதல் சட்டம். அதற்கு முன் கருவுக்கு வலி தெரியாதாம்.

பி.காம். படித்தவன் என்பதால் கணக்குப் பார்த்தேன். முட்டைக்குச் சில காசு கூடுதல் செலவு, கோடிக்கணக்கான குஞ்சுகளுக்கு வலி மிச்சம். லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு வரவு மட்டும் இடிக்கிறது. ஆண் என்றாலே நஷ்டம் என்கிற கோழி இனத்தை உருவாக்கியது யார்? நாம். அதை இந்தச் சோதனை மாற்றவில்லை. நம் கண்ணில் படாமல் செய்திருக்கிறது.

நம் ஊர் ஸ்கேன் சென்டர்களில் போர்டு பார்த்திருப்பீர்கள். சிசு ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம், 1994-ம் வருஷச் சட்டம். மெஷின் மேல் யாருக்கும் கோபமில்லை. பதில் தெரிந்தால் நாம் என்ன செய்வோம் என்ற பயம்தான்.

ஆணா பெண்ணா என்று சோதனை சொல்லும். வேண்டுமா வேண்டாமா என்று அது சொல்வதில்லை ஸார். அந்தக் கையெழுத்து நம்முடையது.