சேய்மையின் அறம்

இரவு வானில் எல்லா விண்மீன்களையும் விட ஒளிமிக்கது சிரியஸ். 1844இல் வானியலாளர் பெஸ்ஸல் அதன் பாதையில் ஓர் அலைவைக் கண்டு, கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று அதை இழுக்கிறது என்று முடிவு செய்தார். அந்தத் துணையை 1862இல் ஆல்வன் கிரஹாம் கிளார்க் தொலைநோக்கியில் கண்டார். நிறையில் சூரியனுக்கு நிகராயினும் பூமியளவே உருவம் கொண்ட வெண்குறுமீன் அது. அதன் ஒளியோ சிரியஸின் ஒளியில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு.

அது சிரியஸைச் சுற்றிவர ஏறக்குறைய 50 ஆண்டுகள் ஆகின்றன. சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தொலைவைப் போல் 8 மடங்கு வரை நெருங்கி, 31 மடங்கு வரை விலகுகிறது. பெஸ்ஸல் கணித்த நாளில் அது அண்மைப் புள்ளியை ஒட்டி, சிரியஸின் பேரொளிக்குள் மறைந்திருந்தது. கிளார்க் கண்டபோதோ சேய்மைப் புள்ளியை நோக்கி வெகுதூரம் விலகியிருந்தது.

நெருக்கத்தில் மறைந்தது விலகலில் தெரிந்தது. நாமோ நெருக்கத்தையே அன்பின் அளவுகோலாகக் கொள்கிறோம். பெரிய ஒருவரின் நிழலில் வாழ்பவர்களை அவரின் பகுதியாகவே எண்ணிவிடுகிறோம். அவர்கள் சற்று விலகி நின்றால் உறவு முறிந்தது என்று பதறுகிறோம்.

சேய்மைப் புள்ளியில் அந்தத் துணையின் மீதான ஈர்ப்பு மிகக் குறைவு. அறுந்துபோவதற்கு ஏற்ற இடம் அதுவே என்று தோன்றும். ஆனால் அங்கே வேகமும் மிகக் குறைவு. எஞ்சிய மெல்லிய ஈர்ப்பே அதைத் திருப்பப் போதுமானது. வேகம் குறைந்த இடத்தில் காலம் நீள்வதால், அந்தத் துணை தன் சுற்றின் பெரும்பகுதியைத் தொலைவிலேயே கழிக்கிறது. ஆகவே விலகியிருத்தல் அந்தப் பிணைப்புக்கு நேர்ந்த விபத்து அன்று, அதன் இயல்பான வாழ்வு. சுற்றுவதும் சிறியது மட்டுமன்று. இரண்டுமே ஒரு பொது மையத்தைச் சுற்றுகின்றன. கண்ணுக்குத் தெரியாத நாளிலும் அந்தச் சிறிய துணை பெரியதை அசைத்துக்கொண்டுதான் இருந்தது.

உடைமையாக்கத் துடிக்கும் அன்பு மற்றவரைத் தன் ஒளியில் கரைத்துவிட்டு, அதையே ஒன்றாதல் என்று பெயரிட்டுக்கொள்கிறது. மெய்யான பிணைப்போ, மற்றவர் தம் சொந்த ஒளியில் காணப்படுமளவுக்கு விலக இடம் தந்து, அந்தத் தொலைவிலும் தன் ஈர்ப்பு போதும் என்று நம்பி, அவரால் தானும் அசைக்கப்படுவதை ஏற்றுக்கொள்கிறது.