கால் நோவும் வினைக்கொள்கையும்

பிறர் படும் நோவைக் கண்டவிடத்து, அஃது அவர் செய்த வினையின் பயன் என்று கூறியமைதல் சைவநெறிக்கு ஒக்குமா என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். வினா பழையது, ஆயினும் அதனை வெறுந் தருக்கமாகக் கொள்ளாது ஒரு நோயின்மேல் வைத்து ஆராய்தல் நலமெனத் தோன்றுகின்றது. அந்நோய், இடுப்பினின்றுங் காலுக்கு இறங்கி, ஆண்டுக்கணக்கில் விடாது வருத்தும் நரம்பு நோவாம். மன்னார்ப் பெருநிலத்திலே பெரியமடு முதலிய வயலூர்களில், நெல்மூட்டை சுமப்போரும் வரம்பு வெட்டுவோரும் இதனை நாரிப்பிடிப்பு என்பர்; காலிற் குத்துளைவு என்பர். நாள்முழுதும் நின்று கற்பிக்கும் ஆசிரியருள்ளும் இதனை அறிந்தார் பலர்.

இந்நோயை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. புண் கண்ணுக்குத் தெரியும். காய்ச்சல் கைக்குத் தெரியும். இதுவோ நோவுடையார்க்கன்றிப் பிறர்க்கு எவ்வாற்றானும் தெரியாது. கால் வீங்காது, நிறம் மாறாது. காலையில் நடந்தவர் மாலையில் இருக்கையினின்றும் எழமாட்டாது வருந்துவர். அதனைக் கண்ட அயலார் முதலிற் பரிவர், பின் ஐயுறுவர், அதன்பின் சோம்பல் என்பர். ஈற்றில் வினை என்பர். இந்நான்கு படிகளையும் நம் ஊர்களிற் காணாதார் இலர்.

நோயின் இயல்பைச் சிறிது கூறுவாம். முள்ளந்தண்டின் அடிப்பகுதியில் ஐந்து வேர்களாய்த் தோன்றி, ஒன்றாகத் திரண்டு, தொடையின் பின்புறமாக இறங்கும் நரம்பே மனிதவுடலிலுள்ள நரம்புகளுட் பருமன் மிக்கது. முள்ளெலும்புகளின் இடையே மெத்தைபோல் அமைந்த வட்டுப் பிதுங்கி அவ்வேர்களுள் ஒன்றை நெருக்குமாயின், பழுது முதுகில் இருப்ப நோவு காலிலே தோன்றும். கட்டுக்கரைக்குளத்தின் துருசில் நேர்ந்த பழுது கடைசி வயலிலே தெரிவது போல்வது இது. இவ்வுண்மையை 1934-ஆம் ஆண்டிலே பாஸ்டன் நகரத்து அறுவை வைத்தியராகிய மிக்ஸ்டர், பார் என்னும் இருவர் விளக்கி வெளியிட்டனர். நம் முன்னோரும் நோவின் வழியை நன்கு கண்டிருந்தனர். சரகர் இதனை வாதநோய் எண்பதனுள் ஒன்றாக வைத்து, பிட்டத்தினின்றுந் தொடை, முழந்தாள், கெண்டைக்கால், பாதம் என முறையே இறங்குவதாகக் கூறி, கிருத்திரசி என்று பெயரிட்டனர். கிருத்திரம் என்பது கழுகு. நோயாளியின் நடை கழுகின் நடையை ஒத்தலின் அப்பெயர் வந்ததென்பர்.

பெரும்பாலார்க்கு இது சில வாரங்களிலே தணிந்துவிடும். மூன்று திங்களுக்கு மேலும் நிலைத்து நின்றதாயின், நோவு வேறோர் இயல்பை அடைதலும் உண்டு. நெருக்கிய பொருள் நீங்கிய பின்னரும் நரம்பும் முதுகுநாணும் மூளையும் பழகிய செய்தியையே மீளமீள அனுப்பிக்கொண்டிருக்கும். காரணம் போயிற்று, காரியம் நின்றது.

இது புனைந்துரை என்பார் போரிற் காலிழந்தாரை நோக்குக. 2009-ஆம் ஆண்டிலே போர் முடிந்த பின்னரும் மன்னார்ப் பெருநிலத்து வயல்களிலும் காடுகளிலுங் கண்ணிவெடிகள் கிடந்தன. காலிழந்தாருட் பலர், இல்லாத பாதத்திலே எரிவும், இல்லாத விரல்களிலே முறுக்கலும் உணர்கின்றனர். அமெரிக்க உள்நாட்டுப் போரிற் காயமுற்றோரைப் பார்த்த வையர் மிச்சல் என்னும் வைத்தியர் 1871-இல் இதற்கு மாய உறுப்பு என்னும் பொருள்படப் பெயரிட்டார். தமிழராகிய நரம்பியலறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன் 1990-களிலே ஒரு கண்ணாடிப் பெட்டியை அமைத்து, எஞ்சிய உறுப்பின் நிழலை இழந்த உறுப்பின் இடத்திலே காணச்செய்து, சிலர்க்கு அந்நோவைத் தணிவித்தார். எல்லார்க்கும் அது பயன்பட்டிலது. காலே இல்லாவிடத்துங் கால் நோதல் உண்மையாயின், கால் உள்ளவன் நோகின்றது என்று கூறுங்கால் அதனைப் பொய்யென்று தள்ளுதற்கு நாம் யார்? நோவாராய்ச்சிக்கான அனைத்துலகச் சங்கத்தாரும் 2020-இல் நோவின் இலக்கணத்தைத் திருத்தியபோது, ஒருவர் தம் நோவைக் குறித்துக் கூறுவது மதிக்கப்படல் வேண்டும் என்பதையும் உடன் வைத்தனர்.

இனி வினைக்கு வருவாம். இன்பதுன்பங்கள் வினைப்பயன் என்பது சித்தாந்தத்தின் துணிபு. அதனை மறுக்க இங்கே முற்பட்டிலேம். ஆயின் அச்சித்தாந்தமே, வினை சடமாகலின் தானே சென்று பயனாகாது என்றும், உயிர் சிற்றறிவுடையதாகலின் தன் வினையைத் தானே அறிந்து எடுத்துக்கொள்ளமாட்டாது என்றும், இரண்டையும் அறிந்து கூட்டுவிப்பான் இறைவனே என்றுங் கூறுகின்றது. இறைவன் உண்மையை நிறுவும் ஏதுக்களுள் இதுவும் ஒன்றாக மாணாக்கர்க்கு நாமே கற்பிக்கின்றோம். அற்றாயின், தன் வினையையே அறியமாட்டாத உயிர், அயல்வீட்டான் காலில் இறங்கும் நோவு இன்ன பிழையின் பயனென்று அறிந்தது எவ்வாறு? அங்ஙனம் கூறுவான் இறைவனுக்கே உரிய அறிவைத் தனதாக்கிக் கொள்கின்றான். வினைக்கொள்கையைப் போற்றுவதாக எண்ணி அதன் அடிக்கல்லையே பெயர்க்கின்றான்.

பொதுவாகக் கூறினேமேயன்றிக் குறித்த பிழை ஒன்றைச் சுட்டிற்றிலேமே எனின், கேட்பவன் செவியில் அவ்வேறுபாடு நில்லாது. அவன் தன் வாழ்நாள் முழுவதையும் புரட்டிப் பிழைதேடத் தொடங்குவான். நோவோடு நாணமுங் கூடும். கண்ணிவெடியிற் காலிழந்தானிடத்து இச்சொல் இன்னுங் கொடிதாம். வெடியைப் புதைத்த கைக்கும் ஆகாமியம் உண்டென்பதைச் சொல்லாது விட்டு, மிதித்த காலின் பிராரத்தத்தையே பேசுவது என்ன நடுவுநிலைமை?

திருஞானசம்பந்தர் வரலாற்றிலே இதற்கு நேரான ஓரிடம் உண்டு. கொங்குநாட்டுத் திருக்கொடிமாடச்செங்குன்றூரில் உடன்வந்த அடியார்களை நளிர்சுரம் பற்றியபோது, அஃது அந்நிலத்தின் இயல்பென்று கூறக்கேட்ட பிள்ளையார் திருநீலகண்டப் பதிகம் பாடியருளினார். முன்னை வினைக்கு இன்னதே பயன் என்று சொல்லி, தப்பும் வழியை நாடாது வாளா இருத்தல் குறையாகும் என்பது அப்பதிகத்தின் தொடக்கக் கருத்து. வினை என்று கூறிக் கைகட்டி இருப்பாரை நோக்கிப் பிள்ளையாரே வினவியிருக்க, அவர் பாடிய திருக்கேதீச்சரத்தை அடுத்து வாழும் நாம் அவ்விருப்பையே சைவமென எண்ணலாமா? மேலும், இப்பகுதியிலே சைவரும் கத்தோலிக்கரும் இசுலாமியரும் அயலவராய் வாழ்கின்றனர். வினைக்கொள்கையை ஏலாத அயலவர்க்கு அச்சொல் வெறும் பழியாகவே கேட்கும்.

அப்பரது சூலை அருளாய் முடிந்ததன்றோ, நோவை அருளென்றாவது கூறலாமே என்பாரும் உளர். திலகவதியார் அருள் என்றது உண்மையே. ஆனாற் கூறியவர் யார்? மணம்பேசிய கலிப்பகையார் போரில் இறந்தபின், தம்பியின் பொருட்டே உயிர்தாங்கி இருந்தவர். வந்து அடிவீழ்ந்த தம்பியின் பிழையை எண்ணிக் கணக்கிட்டாரல்லர், எழுக என்றார், நீறளித்தார், விடியுமுன் தாமே உடன் அழைத்துச் சென்றார். அத்தனையுஞ் செய்தார் வாயினின்று வரும்போது அச்சொல் மருந்து. தெருவிலே கண்டு நலம் வினவி நகர்வார் வாயினின்று வருமாயின், சொல்லாதிருத்தலே நன்று.

சுந்தரர் வரலாறோ இன்னும் வியப்புடையது. சங்கிலியார்க்குச் செய்த சூளுறவைப் பிழைத்தமையாற் கண்ணிழந்தார் என்பதில் ஐயமில்லை, காரணம் வெளிப்படை. அங்ஙனமிருந்தும் திருவெண்பாக்கத்தில் இறைவன் முதற்கண் கொடுத்தது ஊன்றுகோல். சுந்தரர் அதனோடு அமைந்தாரும் அல்லர். முறையிட்டார், சினந்தும் பாடினார். அப்பாட்டுக்கள் திருமுறையுள் இருக்கின்றன. நோவுடையார் முனகுதலைப் பக்திக்குறைவென்று கடிவார் இதனை நினைத்தல் வேண்டும்.

தப்பும் வழியாவது யாதெனின், முதற்கண் தக்க வைத்தியரைக் காண்டல். நீரிழிவினாலும் பாதத்தில் எரிவுண்டாம். அதற்கு வழி வேறு. காலில் வலு குன்றினும், சிறுநீர் மலம் அடக்கவியலாது போயினும், இருக்குமிடம் மரத்துப்போயினும் ஒருநாளுந் தாழ்க்காது வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். சாதாரண நோவுமாத்திரைகள் நரம்பு நோவுக்குப் பெரிதும் உதவாமையின், வலிப்புக்கும் மனச்சோர்வுக்குமாக அமைந்த சில மருந்துகளைக் குறைந்த அளவிலே வைத்தியர் கொடுப்பர். அதனைக் கண்டு, தம்மைப் பித்தரென்று எண்ணினர் போலும் என நோயாளிகள் மருளுதல் வேண்டா. படுத்தே கிடத்தல் பயனன்று. இயன்றவளவு நடத்தலே நன்று. ஒருநாள் நோவு குறைந்ததெனக் கண்டு, நின்றுபோன வேலையெல்லாவற்றையும் அன்றே முடிக்கப்புகுந்து மறுநாள் வீழ்தல் பலர்க்கும் இயல்பு. நல்ல நாளிலும் அல்லாத நாளிலும் ஒரே அளவாய் நடப்பவர் நெடுகத் தாங்குகின்றனர். முற்றும் நீங்காது எஞ்சும் நோவும் உண்டு. அதனோடு வாழ்தலைத் தோல்வி என்பது தகாது.

பள்ளிக்கூடத்திற் செய்யத்தக்கவை சிறியன. காலை வழிபாட்டிலே நிலத்திற் சம்மணமிட மாட்டாதார்க்குச் சுவரோரமாக ஒரு வாங்கு இடலாம். காரணங் கேளாது இடலாம். நிற்கமாட்டாத ஆசிரியர் இருந்து கற்பித்தலை அதிபர் குறையாக எழுதாதிருக்கலாம். தந்தை காலிழந்த பிள்ளை வகுப்பிலே இருக்குமாயின், வினைப்பாடம் நடத்தும் நாளில், வினையை அறிவான் இறைவன் ஒருவனே என்னும் பகுதியை முதலிலே நடத்துக.