பாவு தீர்ந்த நாளில்

பொதுக்காலம் 16ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு
எரேமியா 23:1-6, திருப்பாடல் 23, எபேசியர் 2:13-18, மாற்கு 6:30-34



இன்றைய நற்செய்தியில் மாற்கு ஒரு சின்னத் தகவலைச் சொல்லிவிட்டுப் போகிறார். வருகிறவர்களும் போகிறவர்களுமாகக் கூட்டம் ஓயவில்லை. திருத்தூதர்களுக்கு உட்கார்ந்து சாப்பிடக்கூட நேரம் கிடைக்கவில்லை. நெசவு ஊரான நம் ஆரணியில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. உங்கள் வீடுகளுக்கு மந்திரிக்க வரும்போது நான் பார்ப்பதுதான் இது. அண்ணன் தறிக்குழியில் கால் மிதித்துக்கொண்டிருக்கிறார். அண்ணி அந்தப் பக்கம் மூலையில் ராட்டையோடு உட்கார்ந்து தார் சுற்றுகிறார். சோற்றுத் தட்டு குழியின் விளிம்பில் ஆறிக்கிடக்கிறது. ஒருவர் சாப்பிட எழுந்தால் இன்னொருவர் கையில் வேலை. விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் நேரம்வரை ஒரே அறையில்தான் இருக்கிறீர்கள். ஆனால் ஒருவர் கண் இழையில், இன்னொருவர் கண் தாரில். முகத்தை முகம் பார்க்க நேரமில்லை.

அப்படிச் சாப்பிட நேரமில்லாதவர்களைப் பார்த்துத்தான் ஆண்டவர், கூட்டத்தை விட்டுத் தனிமையான ஓரிடத்துக்குப் போய்ச் சற்று ஓய்வெடுக்கச் சொல்கிறார். அவர்கள் படகேறிப் போகிறார்கள். பதிலுரைப் பாடலில் நாம் பாடியதும் அதுதானே? ஆயர் தம் ஆடுகளைப் பச்சைப் புல் வெளிக்கும் அலையடங்கிய தண்ணீருக்கும் அழைத்துப் போகிறார். அங்கே அவர் கொடுக்கும் முதல் வேலை இளைப்பாறுவது.

இந்த அழைப்பை இன்று கணவன் மனைவியாக இங்கே அமர்ந்திருக்கும் உங்களுக்கு நான் அப்படியே கொடுக்கிறேன். மூன்று சேலைக்கான பாவு ஓடி முடிகிறது. அடுத்த பாவு வந்து, பழைய முனையோடு இழைக்கு இழை முடிந்து, தறி மறுபடி ஓடுவதற்கு இடையில் சில நாள் இருக்கும். அந்த நாள்களில் இருவரும் சேர்ந்து மலைக்குப் போங்கள். ஒரு ராத்திரியாவது தங்கிவிட்டு வாருங்கள்.

இது வசதியுள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியது என்று சிலர் நினைப்பீர்கள். ஊட்டி, கொடைக்கானலைப் பற்றி நான் பேசவில்லை. நம் கமண்டல நாகநதி எந்த மலையிலிருந்து இறங்கி வருகிறதோ, அந்த ஜவ்வாது மலையைச் சொல்கிறேன். களம்பூர் தாண்டி, போளூர் போய், அத்திமூர் வழியாக மலைப்பாதை ஏறினால் ஜமுனாமரத்தூர். அங்கே கோலப்பன் ஏரியில் படகு இருக்கிறது. மழை பெய்திருந்தால் பீமன் அருவியில் தண்ணீர் விழும். ஏலகிரி போனால் புங்கனூர் ஏரி. மலையேற முடியாத வயதானவர்கள் படவேடு போய்ச் செண்பகத்தோப்பு அணைக்கரையில் உட்கார்ந்துவிட்டு வரலாம். ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும் நம் ஆற்றுக்கு ஒரு தாய்வீடு உண்டு என்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

நம் பங்கைச் சேர்ந்த ஒரு தம்பதி அப்படிப் போய் வந்தார்கள். பெயர் வேண்டாம். பைக்கில்தான் போனார்கள். ஒரு பையில் போர்வை, ஒரு தூக்கில் புளிச்சோறு. ஏரியில் படகில் போனபோது கணவருக்குத் துடுப்புப் பிடிக்கத் தெரியவில்லையாம். அந்த அம்மா வாங்கி வலித்திருக்கிறார். திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: "ஃபாதர், இவரு இவ்ளோ பேசுவாருன்னே எனக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னாடி பெங்களூர்ல வேலைக்குப் போயி ரெண்டு மாசத்துல ஓடி வந்துட்டாராம். இத்தன வருஷத்துல எங்கிட்ட சொன்னதே இல்ல." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஒரே அறையில் பிழைத்துக்கொண்டிருந்த இருவருக்கு அந்த ஒரு செய்தியைச் சொல்லிக்கொள்ள ஓர் ஏரி தேவைப்பட்டிருக்கிறது.

விவிலியத்தில் ஒரு நெசவுக்காரியின் கதை இருக்கிறது. நம் ஊரில் அது அடிக்கடி வாசிக்கப்பட வேண்டும். தோபித்து நூலின் இரண்டாம் அதிகாரம். தோபித்துக்குக் கண் தெரியாமல் போகிறது. அவர் மனைவி அன்னா துணி நெய்து குடும்பத்தைக் காப்பாற்றுகிறார். ஒரு நாள் நெய்த துணியை அறுத்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். முதலாளி முழுக் கூலியும் கொடுத்து, மேலே ஓர் ஆட்டுக்குட்டியும் கொடுத்து அனுப்புகிறார். ஆடு வீட்டுக்குள் வந்து கத்துகிறது. கண் தெரியாத மனிதர், இது எங்கே திருடியது, கொண்டுபோய்த் திருப்பிக் கொடு என்கிறார். அன்னா உண்மையைச் சொல்கிறார், தோபித்து நம்பவில்லை. அப்போது அந்த அம்மாள், நீர் செய்த தான தருமமெல்லாம் என்ன ஆயிற்று என்று திருப்பிக் கேட்கிறார். அவர் அழுகிறார்.

இருவருமே நல்லவர்கள். தோபித்து பசித்தவருக்குச் சோறு போட்டவர், அநாதைப் பிணங்களை உயிருக்குப் பயப்படாமல் அடக்கம் செய்தவர். அப்படிப்பட்ட வீட்டில்தான் ஓர் ஆட்டுக்குட்டிக்காக இத்தனை பெரிய சண்டை. தெய்வபக்தி குறைந்ததால் வந்த சண்டையாக எனக்கு இது படவில்லை. களைப்பு, கடன், நோவு, சம்பாதிக்கும் கை மாறிவிட்டதே என்ற கூச்சம், எல்லாம் சேர்ந்து வந்தது. நம் தெருக்களிலும் நாற்பது தாண்டினால் இழை தெரியவில்லை என்று கண்ணைக் கசக்குகிறவர்கள் எத்தனை பேர்! வீட்டுக்காரர் தறியில் இருக்க, மனைவி விடியற்காலையில் செய்யாறு சிப்காட் ஷூ கம்பெனி பஸ் ஏறுகிற வீடுகள் எத்தனை! எபேசியருக்கு எழுதும் பவுல், பகை என்னும் சுவரைக் கிறிஸ்து தகர்த்தார் என்று இன்று நமக்குச் சொல்கிறார். யூதர், பிற இனத்தார் பற்றிய வார்த்தை அது. உங்கள் வீட்டில் தறிக்கும் ராட்டைக்கும் நடுவே எழும்பும் சுவருக்கும் அது பொருந்தும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதே நூலில், அடுத்த தலைமுறை பயணம் புறப்படுகிறது. மகன் தோபியா நாயையும் கூட்டிக்கொண்டு, இரபேல் வழித்துணையாக வர, முதல் ராத்திரி திக்ரீசு ஆற்றங்கரையில் தங்குகிறான். ஆற்றிலிருந்து ஒரு மீன் எழும்பி அவன் காலைக் கவ்வப் பார்க்கிறது. அந்த மீனின் பித்தப்பைதான் பிறகு தகப்பனின் கண்ணைத் திறக்கிறது. அந்தப் பயணத்தில்தான் சாரா அவனுக்கு மனைவியாகக் கிடைக்கிறாள். வீட்டுக்குள் தீராத துன்பத்துக்கு மருந்தை ஆண்டவர் ஓர் ஆற்றங்கரையில் வைத்திருந்தார்.

நம் மீட்பின் வரலாற்றில் கூடாரத்தில் குடியிருந்த தம்பதிகள் நிறைய. ஆபிரகாம் ஆரானை விட்டுப் புறப்பட்டபோது அவருக்கு 75 வயது. அவர் மனைவி சாராவும் கூடப் போனார். பிள்ளையில்லாத அந்த மனிதரை ஆண்டவர் வெளியே கூட்டி வந்து, வானத்தைக் காட்டி, விண்மீன்களை எண்ணச் சொன்னார். ஜவ்வாது மலையின் மறுபக்கம், காவலூரில், வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986இல் திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே உண்டு. ஊர் வெளிச்சம் எட்டாத இருட்டு வேண்டும் என்றுதான் அந்தக் காட்டைத் தேடிப் போனார்கள். நம் தெருவிளக்குகளுக்கு மேலே அத்தனை விண்மீன்கள் இருப்பதை மலையில் படுத்தால் கருவி இல்லாமலே பார்க்கலாம். பிள்ளை வரம் கேட்டு என்னிடம் வரும் தம்பதிகளே, நீங்கள் இருவரும் ஒரு ராத்திரி அந்த வானத்தின்கீழ் ஆபிரகாமின் ஜெபத்தைச் சொல்லுங்கள். வரம் கிடைக்கும் நாளை நான் குறித்துத் தர முடியாது. காத்திருப்பதை ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு செய்ய முடியும்.

ஆண்டவருக்கும் ஒரு கூடாரம் இருந்தது. அதை நெய்தவர்கள் உங்கள் தொழில்காரர்கள். விடுதலைப் பயண நூல் 26ஆம் அதிகாரத்தை நெசவாளர் வீட்டில் படித்தால் தனி ருசி: பத்துத் திரைகள், ஒவ்வொன்றும் 28 முழம் நீளம், 4 முழம் அகலம், நீலமும் கருஞ்சிவப்பும் சிவப்புமான நூல்வேலை. நம் ஆறு கெஜச் சேலை பன்னிரண்டு முழம். இரண்டு சேலையை இணைத்தாலும் அந்தத் திரையின் நீளம் வராது! இஸ்ரயேல் மக்கள் வழிநடந்த காலமெல்லாம், நெய்த துணிக்குள் தங்கிக் கடவுளும் கூட நடந்தார். பிற்காலத்தில் கொரிந்து நகரில் பவுலுக்கு இடம் கொடுத்த அக்கிலாவும் பிரிஸ்கில்லாவும் கூடாரம் செய்து பிழைத்த தம்பதி. பேரரசர் கிளவுதியுவின் ஆணையால் உரோமை நகரை விட்டு வெளியேறியவர்கள். பிறகு பவுலோடு எபேசுக்குப் போனார்கள். இத்தனை ஊர் மாறியும் அந்த இருவரின் பெயரைப் புதிய ஏற்பாடு எங்கேயும் பிரித்துச் சொல்லவில்லை.

நம் காலத்துக்கு வருகிறேன். போலந்து நாட்டில் 1950களில், கம்யூனிச ஆட்சி குருக்கள் இளைஞர் குழு நடத்தத் தடை போட்டிருந்தது. கரோல் வொய்த்திவா என்ற இளம் குரு அங்கியைக் கழற்றி வைத்துவிட்டுச் சாதாரண உடையில் மாணவர்களையும் இளம் தம்பதிகளையும் ஏரிகளுக்கும் காடுகளுக்கும் கூட்டிப்போனார். யாருக்கும் சந்தேகம் வராதபடி அவர்கள் அவரை மாமா என்று கூப்பிட்டார்கள். சிறு படகுகளில் துடுப்புப் போட்டபடி திருமணம், காதல், பிள்ளை வளர்ப்பு எல்லாம் பேசினார்கள். காலையில் கவிழ்த்த படகு பலிபீடம். இரண்டு துடுப்புகளைக் குறுக்கே கட்டினால் சிலுவை. 1958 ஆகஸ்டில் அப்படி ஒரு பயணத்தின் நடுவில்தான் அவரைத் துணை ஆயராக்கும் செய்தி வந்தது. வார்சா போய் அதை ஏற்றுக்கொண்டவர், மறுபடி படகுக்கே திரும்பி வந்தார். திருமணத்தைப் பற்றி அவர் 1960இல் வெளியிட்ட நூலுக்கு அந்தக் கரைகளில் தம்பதிகள் பேசியதெல்லாம் உரமாயிற்று. 1986 பிப்ரவரியில் சென்னைக்கு வந்தாரே, திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல், அவர்தான் அந்த மாமா.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் கூடாரம் அடிக்காதீர்கள். நெருப்பு மூட்டாதீர்கள். பாட்டிலும் பாலித்தீனும் பைக்குள்ளேயே திரும்பி வரட்டும். அங்கே போட்டது நம் ஆற்றுக்குத்தான் வரும். மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்கிறார்கள். அவர்கள் விற்கும் தேனுக்கும் சாமைக்கும் பேரம் பேசாதீர்கள். வாரக்கணக்கில் நெய்த சேலைக்குக் கூலியைக் குறைத்துப் பேசும்போது வயிறு எப்படி எரியும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

ஆண்டவரும் சீடர்களும் தேடிப்போன ஓய்வு அன்றைக்கு முழுசாகக் கிடைக்கவில்லை. கரையிறங்கியதும் கூட்டம் முன்னே வந்து நிற்கிறது. அவர் சலித்துக்கொள்ளவில்லை, மனமிரங்கிப் போதிக்கத் தொடங்குகிறார். உங்களுக்கும் பாதி வழியில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போன் வரலாம். திரும்பிவிடுங்கள். அடுத்த பாவு தீரும்போது மறுபடி புறப்படுங்கள்.

முதல் வாசகத்தில் எரேமியா ஆயர்களைக் கடிந்துகொள்கிறார். அந்தக் கண்டிப்பில் முதலில் நிற்பவன் குருவாகிய நான். என் பக்கத்தில், தறி போட்டு வேலை கொடுக்கும் முதலாளிகளாக இங்கே அமர்ந்திருப்பவர்களையும் நிறுத்திக்கொள்கிறேன். ஒரு நாள் தறி நின்றால் ஒரு நாள் கூலி போய்விடும் என்பதும், முன்பணக் கடன் கழுத்தைப் பிடிக்கும் என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆகவே உங்களிடம் கேட்கிறேன். அன்னாவுக்கு ஆட்டுக்குட்டி கொடுத்த முதலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த ஆடியில் முகூர்த்தம் இல்லை. ஆவணிக்கு அவசரப்படுத்தத் தொடங்கும் முன், உங்களிடம் நெய்யும் ஒவ்வொரு தம்பதிக்கும் இரண்டு நாள் கூலியைக் கையில் கொடுத்து, கடன் கணக்கில் ஏற்றாமல், போய்விட்டு வரச் சொல்லுங்கள்.

வீட்டில் பிள்ளைகளையும் பெரியவர்களையும் யார் பார்ப்பது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. அதை அன்பியங்கள் ஏற்றுக்கொள்ளட்டும். முறை வைத்து ஒரு வீட்டுக்கு இன்னொரு வீடு. திருப்பலி முடிந்ததும் உபதேசியார் வாசலில் நோட்டோடு நிற்பார். போக விரும்புகிறவர்கள் பெயர் கொடுங்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முன்வருகிறவர்களும் கொடுங்கள். இரண்டாவது பட்டியல் நீளமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.