பேதி உப்பும் பால் மறந்த குட்டியும்

இங்கிலாந்தில் எப்சம் என்றோர் ஊர். 1618ஆம் ஆண்டு வறட்சியின்போது அங்கே தாகத்தோடு நின்ற மாடுகள் ஒரு குட்டைத் தண்ணீரில் வாய் வைக்க மறுத்தன என்று கதை சொல்வார்கள். தண்ணீர் அப்படிக் கசந்ததாம். கதை எவ்வளவு உண்மையோ, அந்த ஊர் நீரைக் காய்ச்சி எடுத்த உப்பு உண்மை. மெக்னீசியம் சல்ஃபேட் என்கிற அதைத்தான் நம் வீடுகளில் பேதி உப்பு என்று வாங்கி வந்தார்கள். வயிறு கழுவ விரும்பும் மனிதருக்கு அது மருந்து. தாயைப் பிரிந்து, வேறு தண்ணீருக்கு வழியில்லாமல், அதே உப்பு கரைந்த கிணற்று நீரை நாள் முழுதும் குடிக்கும் பன்றிக்குட்டிக்கு அது என்ன?

உப்பு வேலை செய்யும் விதத்திலிருந்து தொடங்கலாம். சல்ஃபேட் என்பது ஒரு கந்தக அணுவும் நான்கு ஆக்சிஜன் அணுக்களும் சேர்ந்தது. உடலுக்கு அது வேண்டாத பொருள் அல்ல. குருத்தெலும்பிலும் குடலின் சளிப் படலத்திலும் அதற்கு இடம் உண்டு. ஆனால் சிறுகுடல் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும் வேகத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. எல்லையைத் தாண்டி வந்தது குடலிலேயே தங்கி, தன்னோடு தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. கழிவு இளகிப் போகிறது. இந்த இடத்தில் கிருமி இல்லை, காய்ச்சல் இல்லை, புண்ணும் இல்லை. உப்பு தண்ணீரைப் பிடித்துவைத்தது, அவ்வளவுதான் நடந்தது.

இந்தச் சிக்கல் பெரிதாகப் பேசப்பட்ட நிலம் வட அமெரிக்காவின் புல்வெளிச் சமவெளி. கனடாவில் சஸ்காட்செவன், மானிடோபா. எல்லைக்குத் தெற்கே டகோட்டா மாநிலங்கள். பனிப்பாறைகள் அரைத்துக் கொட்டிவிட்டுப் போன களிமண் படிவுகளில் இரும்புக் கந்தகக் கனிமமும் ஜிப்சமும் கலந்து கிடக்கின்றன. காற்றும் மழைநீரும் அவற்றைத் தொட்டதால் நிலத்தடி நீரில் சல்ஃபேட் ஏறியது. சஸ்காட்செவனின் சாப்ளின் ஏரியில் சோடியம் சல்ஃபேட்டை உப்பளம்போலச் சேகரித்து எடுக்கிறார்கள் என்றால், சுற்றுவட்டாரத்துக் கிணறுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மனித நாக்கு சோடியம் சல்ஃபேட்டை லிட்டருக்கு 250 மில்லிகிராம் அளவிலேயே உணரத் தொடங்கும். கால்நடைக் குடிநீருக்குக் கனடா வைத்திருக்கும் வரம்பு 1000 மில்லிகிராம். அந்த வரம்பைத் தாண்டிய கிணறுகள் அங்கே உண்டு.

வளர்ந்த பன்றி இதைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது. தெற்கு டகோட்டாவில் 1979இல் வெளியான ஆய்வில், சினைப்பன்றிகளுக்கு லிட்டருக்கு 3000 மில்லிகிராமுக்கு மேல் சல்ஃபேட் உள்ள நீரைக் கொடுத்தும் ஈற்றில் குறை தெரியவில்லை. சிக்கல் குட்டிகளிடம்தான்.

பண்ணைக் குட்டியைப் பெரும்பாலும் மூன்று, நான்கு வார வயதில் தாயிடமிருந்து பிரிக்கிறார்கள். எடை ஆறேழு கிலோ இருக்கும். அன்றுவரை வெதுவெதுப்பான பால். மறுநாள் உலர்தீவனமும் முலைக்காம்புபோன்ற குழாயில் வரும் தண்ணீரும். புது இடம், புதுக் கூட்டம், சண்டை. முதல் நாளில் பல குட்டிகள் சரியாகத் தின்பதில்லை. உணவை உறிஞ்சும் குடல் விரல்கள் அந்தச் சில நாட்களில் குட்டையாகித் தேய்ந்துபோகின்றன. பெருங்குடலோ மிஞ்சிய நீரைத் திரும்ப இழுத்துக்கொள்ள இன்னும் பழகவில்லை. கழிச்சல் வருவதற்கு எல்லாம் தயாராக இருக்கும் அந்த வாரத்தில்தான் சல்ஃபேட்டும் வந்து சேர்கிறது.

அதே வாரத்தில்தான் ஈ.கோலி கிருமியால் வரும் கழிச்சலும் தாக்கும். நான் இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பண்ணையில் தவறு நடப்பது இங்கேதான். தரையில் கிடக்கும் இளகிய மலத்தைப் பார்த்ததும் கை ஆன்டிபயாடிக் புட்டிக்குப் போகிறது. உப்பால் வந்ததை எந்த ஆன்டிபயாடிக்கும் நிறுத்தாது. கிருமிகளுக்கு எதிர்ப்பைக் கற்றுக்கொடுத்ததுதான் மிச்சமாகும். ஒஹாயோ ஆய்வாளர்கள் 1992இல் வெளியிட்ட வேலை இதில் தெளிவு தந்தது. பால் மறந்த குட்டிகளுக்கு லிட்டருக்கு 600, 1200, 1800 மில்லிகிராம் சல்ஃபேட் கொடுத்துப் பார்த்தார்கள். சோடிய உப்பாகவும் மெக்னீசிய உப்பாகவும் கொடுத்தார்கள். கழிவு இளகியது, ஆனால் வளர்ச்சி குறையவில்லை. அழுக்கான பின்புறத்தோடு துள்ளி விளையாடும் குட்டியையும், கண் குழிந்து தோல் வறண்டு மூலையில் ஒடுங்கிய குட்டியையும் ஒரே நோயாளியாக நினைக்கக் கூடாது. முதலாவதற்குத் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். இரண்டாவதற்கு அன்றே கால்நடை மருத்துவர் வேண்டும்.

அதற்காக எவ்வளவு சல்ஃபேட்டும் ஆகும் என்று எண்ணிவிட முடியாது. கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தினர் சோடியம் சல்ஃபேட் மிகுதியாகக் கலந்த நீரைக் கொடுத்தபோது குட்டிகள் தின்றதும் குறைந்தது, எடை ஏறியதும் குறைந்தது. ஜியோலைட் என்னும் கனிமத்தைத் தீவனத்தில் சேர்த்தும் பெரிய பலன் இல்லை.

இதுவரை தண்ணீரை மட்டும் பார்த்தோம். தீவன மூட்டையிலும் சல்ஃபேட் இருக்கிறது. இரும்பு, துத்தநாகம், செம்பு எல்லாம் பெரும்பாலும் சல்ஃபேட் உப்பாகவே சேர்க்கப்படுகின்றன. வளர்ச்சிக்காகச் சேர்க்கும் மயில்துத்தத்தை, அதாவது செம்புச் சல்ஃபேட்டை, பலர் சந்தேகிப்பார்கள். ஆனால் ஒரு கிலோ தீவனத்தில் 250 மில்லிகிராம் செம்பு வரும்படி அதைச் சேர்த்தாலும், கூடவே வரும் கந்தகம் ஏறத்தாழ 125 மில்லிகிராம்தான். கவனிக்க வேண்டியது எத்தனால் ஆலையிலிருந்து வரும் டிடிஜிஎஸ் என்னும் உலர்ந்த சக்கை. மக்காச்சோளத்தின் மாவுச்சத்து சாராயமாகப் போய்விட, மிஞ்சிய சத்துகள் ஏறத்தாழ மும்மடங்கு செறிவாகின்றன. அமில நிலையைச் சீராக்க ஊற்றும் கந்தக அமிலமும் அதிலேயே தங்குகிறது. அதனால் ஓர் ஆலையின் சரக்கும் இன்னோர் ஆலையின் சரக்கும் கந்தகத்தில் ஒன்றாக இருப்பதில்லை.

இல்லினாய் ஆய்வாளர்கள் 2012இல், கந்தகம் கூடிய டிடிஜிஎஸ்ஸைப் பன்றிகள் ஒதுக்கவில்லை, வளர்ச்சியும் கெடவில்லை என்றார்கள். அதற்கு முந்தைய ஆண்டு அயோவாவின் ஏம்ஸ் நகரத்து ஆய்வாளர்கள், தீவனத்தில் கனிமக் கந்தகம் ஏற ஏற வளர்ச்சி குறைந்ததையும், மலத்தில் சல்ஃபைடு கூடியதையும், குடலில் அழற்சிக்கான அறிகுறிகளையும் கண்டார்கள். இரண்டும் முரண் அல்ல என்பது என் கருத்து. ஏம்ஸில் மொத்தத் தீவனத்தில் கந்தகத்தை ஒரு சதவீதத்துக்கு மேல் கொண்டுபோனார்கள். இல்லினாயில் அந்த உயரத்துக்குப் போகவே இல்லை.

சல்ஃபைடு எங்கிருந்து வந்தது? சிறுகுடல் விட்டுவிட்ட சல்ஃபேட் பெருங்குடலுக்கு இறங்குகிறது. அங்கே ஆக்சிஜன் இல்லாத இருட்டில் வாழும் சில நுண்ணுயிரிகள், நாம் ஆக்சிஜனைச் சுவாசிப்பதுபோலச் சல்ஃபேட்டைச் சுவாசிக்கின்றன. அவை வெளிவிடுவது அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு. குடல் சுவரின் செல்கள் அதை ஓரளவு முறித்துவிடும். அளவு மீறினால் அந்தச் செல்கள் தங்கள் எரிபொருளான பியூட்டிரேட்டைப் பயன்படுத்த முடியாமல் திணறும். மிஞ்சிய சல்ஃபேட் சாக்கடைக் குழிக்குப் போய் அங்கும் இதே வாயுவாகும். குழியைக் கலக்கும் நாளில் அது ஒரேயடியாக மேலெழுந்து பன்றியையும் ஆளையும் கொன்றுவிடக்கூடும். செறிவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது.

ஆகவே தண்ணீரையும் தீவனத்தையும் ஒரே கணக்கில் எழுத வேண்டும். சல்ஃபேட்டின் எடையில் மூன்றில் ஒரு பங்கு கந்தகம். கிணற்றில் 3000 மில்லிகிராம் சல்ஃபேட் என்றால் லிட்டருக்கு ஒரு கிராம் கந்தகம். குட்டி ஒரு கிலோ தீவனத்துக்கு இரண்டரை முதல் மூன்று லிட்டர் குடித்தால், தண்ணீர் வழியாக மட்டும் இரண்டரை முதல் மூன்று கிராம். மக்காச்சோளமும் சோயாவும் கலந்த சாதாரணத் தீவனத்தின் கிலோவில் இருப்பதே இரண்டு கிராம் அளவுதான். தீவனச்சீட்டை மட்டும் பார்க்கிறவர் பாதிக்கு மேல் கோட்டைவிடுகிறார்.

ஆய்வக அறிக்கையிலும் ஒரு பொறி உண்டு. சில இடங்களில் சல்ஃபேட்டாக எழுதுவார்கள், சில இடங்களில் அதிலுள்ள கந்தகமாக எழுதுவார்கள். எண் மூன்று மடங்கு மாறிவிடும். எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மொத்த உப்பளவு மட்டும் சொல்லும் கைக்கருவியை நம்பிச் சல்ஃபேட்டைக் கணிக்க முடியாது. கடினநீரை மென்னீராக்கும் கருவியை வாங்கிவிட்டு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. அது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் எடுத்துவிட்டுச் சோடியத்தை வைக்கிறது; சல்ஃபேட் அப்படியே இருக்கிறது. அதை உண்மையில் குறைப்பது ஆர்.ஓ. போன்ற முறைகள்தான், செலவும் அதிகம். பண்ணை முழுவதற்கும் அது வேண்டியதில்லை. பால் மறந்த முதல் சில வாரக் கொட்டிலுக்கு மட்டும் வேறு கிணற்று நீரோ வடிகட்டிய நீரோ கொடுத்து, அந்தக் குட்டிகளின் தீவனத்தில் டிடிஜிஎஸ்ஸைக் குறைத்தால் போதும். வயது ஏற ஏறக் குடல் பழகிக்கொள்கிறது. பிறகு பழைய கிணற்றின் குழாயையே திறந்துவிடலாம்.